ஊர்த் திட்டத்துக்கு ஃபெடரல் பணம்: சபை உறுப்பினரா, செனட்டரா, போட்டி மானியமா, மாநிலக் கடனா?

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்களில் பலர் இப்போது ஊர்ப் பொது வேலைகளில் இறங்கியிருக்கிறார்கள். டவுன் கவுன்சில், நூலக வாரியம், உணவு வங்கி நடத்தும் தொண்டு நிறுவனம் என்று எதிலாவது ஒரு பொறுப்பு இருக்கும். அந்தக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி: “இதற்கு வாஷிங்டனில் பணம் கேட்க முடியாதா? நம்ம காங்கிரஸ் உறுப்பினரிடம் பேசினால் என்ன?”

தாராளமாகப் பேசலாம். ஆனால் அவரிடம் கேட்பது ஒரு வழிதான். செனட்டரிடம் கேட்பது, ஃபெடரல் துறைகளின் போட்டி மானியத்துக்கு விண்ணப்பிப்பது, மாநிலத்தின் வழியாக வரும் பணத்தையோ மலிவுக் கடனையோ நாடுவது என்று வேறு வழிகளும் இருக்கின்றன. எந்தத் திட்டத்துக்கு எந்த வழி என்று முதலிலேயே தீர்மானிக்காத ஊர்கள் ஒரு முழு ஆண்டை இழந்துவிடுகின்றன. என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் வழியாக வரும் பணம், ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்ட திட்டத்துக்கு அருமையானது. அதை நம்பி ஒரு திட்டத்தைத் தொடங்குவது ஊருக்குச் செய்யும் தீங்கு.

இந்தியாவில் எம்.பி. தொகுதி நிதியைப் பார்த்துப் பழகியவர்கள் முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே ஓர் எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்று தொகை நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. அவர் பரிந்துரைக்கிறார், மாவட்ட நிர்வாகம் வேலையை நிறைவேற்றுகிறது. அமெரிக்கக் காங்கிரஸில் எந்த உறுப்பினர் பெயரிலும் அப்படி ஒரு கணக்கு கிடையாது. அவர், செலவு மசோதாக்களை எழுதும் ஒதுக்கீட்டுக் குழுவிடம் கோரிக்கை வைக்கிறார். குழு ஏற்றால், அந்த ஆண்டின் செலவுச் சட்டத்தோடு இணைந்த பட்டியலில் உங்கள் ஊரின் பெயரும் தொகையும் ஏறும். பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரு சபைகளும் அந்தச் சட்டத்தை நிறைவேற்றி, ஜனாதிபதி கையெழுத்திட்டால்தான் பணம். அதன் பிறகும் பணம் உறுப்பினர் அலுவலகத்திலிருந்து வராது. வீட்டுவசதித் துறை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வேளாண் துறை போன்ற ஏதோ ஒரு துறையோடு நீங்கள் மானிய ஒப்பந்தம் போட வேண்டும்.

இந்த முறைக்குப் பழைய கெட்ட பெயர் ஒன்று உண்டு. அலாஸ்காவின் கெட்சிகன் ஊரிலிருந்து கிராவினா தீவுக்குப் பாலம் கட்ட 2005-ல் 22 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது நாடு முழுக்கப் பேச்சானது. கலிஃபோர்னியாவின் ராண்டி கன்னிங்ஹாம் என்ற உறுப்பினர் பாதுகாப்பு ஒப்பந்தக்காரர்களிடம் லஞ்சம் வாங்கியதை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். 2011-ல் இரு சபைகளும் இந்த வழக்கத்தை நிறுத்திவைத்தன. பத்தாண்டுகள் கழித்து, 2022 நிதியாண்டுக்காக, 2021-ல் புதிய கட்டுப்பாடுகளோடு மீண்டும் திறந்தார்கள். லாபநோக்கு நிறுவனங்களுக்குப் பணம் கிடையாது. உறுப்பினர் தன் கோரிக்கைகளையெல்லாம் தன் இணையதளத்தில் பொதுவில் வைக்க வேண்டும். தனக்கோ குடும்பத்துக்கோ அதில் நிதி ஆதாயம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மொத்தத் தொகைக்கு, காங்கிரஸ் ஆண்டுதோறும் தீர்மானிக்கும் செலவில் ஒரு சதவீதம் என்ற வரம்பும் வந்தது. முதல் ஆண்டில் ஏறத்தாழ 5000 திட்டங்களுக்கு 910 கோடி டாலர். மறு ஆண்டில் 7200-க்கும் மேற்பட்ட திட்டங்களுக்கு ஏறத்தாழ 1530 கோடி டாலர். இன்று உங்கள் ஊருக்கு அருகிலேயே இந்தப் பணத்தில் நடக்கும் வேலை ஒன்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

சரி, முதலில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். இவரை அணுகுவது எளிது. தொகுதியில் ஏறத்தாழ ஏழரை லட்சம் பேர்தான் என்பதால், அவருடைய உள்ளூர் அலுவலக ஊழியருக்கு உங்கள் ஊரின் நீர்த்தொட்டி எங்கே இருக்கிறது என்பதுவரை தெரிந்திருக்கும். ஆனால் அவர் வைக்கக்கூடிய கோரிக்கைகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. முதல் ஆண்டில் 10, அடுத்த சில ஆண்டுகளில் 15. தொகுதியில் இருபது முப்பது ஊர்கள் இருந்தால் போட்டி உள்ளூரிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே பல உறுப்பினர்கள் மேயர், கவுன்டி, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஆகியோரின் ஆதரவுக் கடிதங்களைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊர் மக்கள் ஆதரிக்கிறார்கள் என்பதற்கான சான்று ஒதுக்கீட்டுக் குழுவின் விதியும்கூட. அந்த வரம்புக்குள் நுழைந்துவிட்டால், செனட்டைவிட இங்கே நல்ல முடிவை எதிர்பார்க்கலாம் என்பது என் கணிப்பு.

ஆனால் சபையின் கதவுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. 2024 நிதியாண்டிலிருந்து சுகாதாரம், கல்வி, தொழிலாளர் துறைகளுக்கான செலவு மசோதாவில் சபை உறுப்பினர்கள் இப்படிக் கோரிக்கை வைக்க முடியாமல் போனது. மருத்துவமனைக் கருவி, கல்லூரிப் பயிற்சி மையம் போன்றவை அதோடு வெளியேறின. அடுத்த ஆண்டில் இன்னொரு மாற்றம். சமுதாயக் கூடம், முதியோர் மையம் போன்றவற்றுக்கு அதிகம் பயன்பட்டது வீட்டுவசதித் துறையின் பொருளாதார வளர்ச்சிக் கணக்கு. அதில் தொண்டு நிறுவனங்கள் பணம் பெறக்கூடாது என்று ஒதுக்கீட்டுக் குழு அறிவித்தது. 2023 கோடையில் மாசசூசெட்ஸிலும் பென்சில்வேனியாவிலும் பால்புதுமையினருக்கான (LGBTQ) மூன்று திட்டங்களைக் குழுவின் பெரும்பான்மையினர் பட்டியலிலிருந்து நீக்கியதால் எழுந்த சண்டையின் தொடர்ச்சி அது. ஒரு சண்டைக்காக நாடு முழுவதும் உணவு வங்கிகள், இளைஞர் மையங்கள் எல்லாம் அந்தக் கதவுக்கு வெளியே நின்றது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. தொண்டு நிறுவனத்தில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சபை உறுப்பினரின் புன்னகையை மட்டும் நம்பி விண்ணப்பம் எழுத உட்காராதீர்கள். அந்த ஆண்டின் வழிகாட்டுக் குறிப்பில் உங்கள் அமைப்புக்கும் உங்கள் வேலைக்கும் பொருந்தும் கணக்கு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பொருந்தவில்லையென்றால் உறுப்பினர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பயன் இல்லை.

செனட்டில் தகுதியான கணக்குகளின் பட்டியல் விரிவானது. சபை மூடிய சுகாதார, கல்விக் கணக்குகள் அங்கே திறந்தே இருந்தன. தொண்டு நிறுவனங்களுக்கும் இடம் இருந்தது. ஒரு செனட்டர் எத்தனை கோரிக்கை வைக்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு இல்லை. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இதே காரணத்தால்தான் போட்டியும் கடுமை. மாநிலம் முழுவதிலுமிருந்து விண்ணப்பங்கள் குவியும். செனட்டர் நூற்றுக்கணக்கில் அனுப்பினாலும் குழு அதில் ஒரு பகுதியையே எடுத்துக்கொள்ளும். செனட்டர் ஒதுக்கீட்டுக் குழுவிலேயே உறுப்பினராக இருந்தால் நிலைமை வேறு. அலாஸ்கா, மெய்ன் போன்ற மக்கள் குறைந்த மாநிலங்கள் தங்கள் மக்கள்தொகைக்கு மீறிய பங்கைப் பெற்றுவந்ததற்கு அந்தக் குழுவில் அவற்றின் செனட்டர்களுக்கு இருக்கும் மூப்பு முக்கியக் காரணம். கொள்கை காரணமாக இந்தக் கோரிக்கைகளையே வைக்காத செனட்டர்களும் இருக்கிறார்கள். உங்கள் மாநிலத்தில் இருவருமே அப்படியென்றால் இந்த வழி அடைப்பு.

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா? இல்லை. ஒரே திட்டத்தை இரு சபைகளிலும் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். சபையும் செனட்டும் ஒரே ஊரின் பெயரைத் தங்கள் பட்டியலில் வைத்திருந்தால், கடைசிப் பேச்சுவார்த்தையில் அது விழுவது கடினம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தொகை, திட்டத்தின் பெயர், பணம் பெறும் அமைப்பு மூன்றும் இரண்டு விண்ணப்பத்திலும் ஒன்றாக இருக்கட்டும். ஓரிடத்தில் டவுன்ஷிப் என்றும் இன்னோரிடத்தில் நீர் ஆணையம் என்றும் எழுதிவிட்டால், சட்டத்தில் யார் பெயர் ஏறுகிறதோ அவர்தான் பணத்துக்கு உரியவர். அதைப் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. இன்னொரு அலுவலகத்திலும் கேட்டிருக்கிறோம் என்பதை இருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

இந்த இரண்டு வழிகளுக்கும் பொதுவான பெரிய ஆபத்தை 2025 நிதியாண்டு காட்டிவிட்டது. 2024 வசந்தத்தில் ஊர்கள் விண்ணப்பித்தன. கோடையில் குழுக்கள் பட்டியல் வெளியிட்டன. பல உறுப்பினர்கள் செய்திக்குறிப்பு கொடுத்தார்கள். ஊர்க்காரர்களும் பணம் வந்துவிட்டதாகவே நினைத்தார்கள். ஆனால் செலவு மசோதாக்கள் நிறைவேறவில்லை. 2025 மார்ச்சில் காங்கிரஸ் முழு ஆண்டுக்கும், பழைய செலவு அளவையே பெரும்பாலும் நீட்டிக்கும் ஒரு தொடர் ஏற்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றி முடித்துக்கொண்டது. அதில் ஊர்த் திட்டங்களின் பட்டியலே இல்லை. நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான திட்டங்கள் ஒரே சட்டத்தில் விழுந்தன. இரண்டு கட்சித் தொகுதிகளுக்கும் அதே கதி. சில ஊர்கள் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. சில இடங்களில் வடிவமைப்புக்குக் கொடுத்த பணம் தேங்கிப்போனது, ஒப்பந்த விலையும் ஏறியது. குழுவின் பட்டியலில் பெயர் வந்தது என்பதற்கும் பணம் வந்தது என்பதற்கும் நடுவில் ஒரு முழுக் காங்கிரஸ் இருக்கிறது. செய்திக்குறிப்பை வைத்து எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது.

சட்டமே ஆனாலும் காசோலை வந்துவிடாது. 2022-க்கான சட்டம் மார்ச் 15, 2022-ல் வந்தது. 2023-க்கானது டிசம்பர் 29, 2022-ல். 2024-க்கானது மார்ச் மாதத்தில் இரண்டு தவணையாக. அதன் பிறகு துறை உங்களைத் தொடர்புகொண்டு, சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்து, ஒப்பந்தம் போட ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஆகலாம். வீட்டுவசதித் துறைப் பணத்தில் அந்தச் சுற்றுச்சூழல் ஆய்வு முடியும் முன் நிலம் வாங்கினாலோ கட்டடத்தை இடித்தாலோ மானியமே சிக்கலாகிவிடும். பெரும்பாலும் முதலில் நீங்கள் செலவழித்து, பிறகு திருப்பி வாங்கும் முறைதான். முன்கூட்டிச் செலவழிக்கக் கையில் பணம் இல்லாத சின்னத் தொண்டு நிறுவனத்துக்கு இது மூச்சுத் திணறல். இரும்பு, எஃகு, கட்டுமானப் பொருட்கள் அமெரிக்காவில் தயாரானவையாக இருக்க வேண்டும் என்ற 2021-ன் விதியும் செலவைக் கூட்டும். ஒரே ஆண்டில் 10 லட்சம் டாலரோ அதற்கு மேலோ ஃபெடரல் பணம் செலவழித்தால் தனித் தணிக்கை. இவற்றைச் சொல்வது பயமுறுத்த இல்லை. கணக்காளர் ஒருவர்கூட இல்லாத அமைப்புகள், பணம் கிடைத்த பிறகு திண்டாடுகின்றன.

இனி போட்டி மானியம். ஃபெடரல் துறைகள் அறிவிப்பு வெளியிடும், நீங்கள் விண்ணப்பிப்பீர்கள், மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். உறுப்பினரின் தயவு வேண்டாம், ஆதரவுக் கடிதம் ஒன்று போதும். தீயணைப்புத் துறைகளுக்கான உதவி மானியம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 20,000 பேர் வரையுள்ள ஊர் தன் பங்காக 5 சதவீதம் போட்டால் போதும். மூச்சுக்கருவி, பாதுகாப்பு உடை, சில சமயம் வண்டியே கிடைக்கிறது. தன்னார்வத் தீயணைப்பு நிலையம் வைத்திருக்கும் சின்ன ஊர்கள் உறுப்பினரிடம் போகும் முன் இதைப் பார்க்க வேண்டும். குறை என்னவென்றால் விண்ணப்பம் எழுதுவது தனிக்கலை. பெரிய நகரங்கள் அதற்கென்று ஆளையே வைத்திருக்கின்றன. ஒரே குமாஸ்தா எல்லா வேலையும் பார்க்கும் ஊர் அவர்களோடு போட்டியிடுவது நியாயமான பந்தயம் இல்லை. உறுப்பினர் வழிப் பணம் மீண்டும் திறந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று, அது உண்மையான காரணம்தான். போட்டி மானியம் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்றும் நினைத்துவிட வேண்டாம். பேரிடர் தடுப்புக் கட்டுமானங்களுக்கான பிரிக் மானியத்தை நிறுத்துவதாக ஃபெடரல் பேரிடர் முகமையான ஃபெமா 2025 ஏப்ரலில் அறிவித்தபோது, ஏற்கெனவே தேர்வான திட்டங்களும் அந்தரத்தில் நின்றன. விவகாரம் நீதிமன்றம்வரை போயிற்று.

மாநிலத்தின் வழியாக வரும் பணத்தைத்தான் மக்கள் குறைவாக மதிக்கிறார்கள். 1974-ல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் தொகுப்பு மானியம் இன்னும் ஓடுகிறது. பொதுவாக 50,000 பேருக்கு மேற்பட்ட நகரங்களுக்கு நேரடியாகவும், சிற்றூர்களுக்கு மாநிலத்தின் வழியாகவும் வருகிறது. குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்குப் பெரும்பகுதி போய்ச்சேர வேண்டும் என்பது நிபந்தனை. இதற்கு ஒரு சிறப்பு உண்டு. ஒரு ஃபெடரல் மானியத்தில் ஊர் போட வேண்டிய பங்கை இன்னொரு ஃபெடரல் பணத்தால் நிரப்புவது பொதுவாக முடியாது. இந்தத் தொகுப்பு மானியத்துக்கு அதில் விலக்கு இருக்கிறது. கவுன்டி அலுவலகத்தில் இதைப் பற்றி விசாரித்தால் ஊர்ப் பங்குக்கு வழி பிறக்கலாம்.

குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்கு மாநிலச் சுழல் நிதி. ஃபெடரல் அரசு மாநிலத்துக்கு மூலதனம் தருகிறது, மாநிலம் ஊர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் தருகிறது, திரும்பி வரும் தவணை அடுத்த ஊருக்குக் கடனாகப் போகிறது. வசதி குறைந்த ஊர்களுக்கு அசலில் ஒரு பகுதியைத் தள்ளுபடியும் செய்கிறார்கள். ஈயக் குழாய்களை மாற்ற 2021 உட்கட்டமைப்புச் சட்டம் ஐந்தாண்டுகளில் 1500 கோடி டாலரை இந்த வழியாகத்தான் கொடுத்தது.

இங்கே பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. நீர்த் திட்டங்களுக்கு உறுப்பினர்கள் வாங்கித் தரும் பணம் தனிப் பையிலிருந்து வரவில்லை. மாநிலச் சுழல் நிதிகளுக்குப் போக வேண்டிய வழக்கமான ஒதுக்கீட்டிலிருந்தே கழிக்கப்படுகிறது. 2023 நிதியாண்டில் அந்த ஒதுக்கீட்டில் பாதிக்கும் மேல் இப்படி ஊர்ப் பெயர் எழுதிய திட்டங்களுக்குப் போய்விட்டது. கடனாகப் போயிருந்தால் திரும்பி வந்து இன்னொரு ஊருக்குப் பயன்பட்டிருக்கும். மானியமாகப் போனது திரும்பாது. ஒரு ஊர் தன் குழாய்க்காகக் கேட்பதில் தவறு இல்லை. ஆனால் கடன் கட்டும் சக்தி உள்ள, வசதியான புறநகர் ஊர்கள் மானியப் பட்டியலில் இடம்பிடிக்க, பக்கத்துக் கவுன்டியின் ஏழை ஊர் கடனுக்கும் வழியின்றி நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் ஊர் கடன் வாங்கித் திருப்பக்கூடிய ஊர் என்றால், நீர் வேலைக்குக் கடன் வழியை எடுங்கள். அது விரைவும்கூட.

இப்போது இந்த நான்கையும் சில திட்டங்களின் மேல் வைத்துப் பார்ப்போம். எல்லாம் கற்பனை ஊர்கள்.

9,000 பேர் வாழும், வருமானம் குறைந்த ஓர் ஊரில் குடிநீர்க் குழாயை மாற்ற 20 லட்சம் டாலர் வேண்டும். பொறியாளரின் வரைபடம் தயார். சுற்றுச்சூழல் முகமையின் கணக்கில் ஃபெடரல் பங்கு பொதுவாக 80 சதவீதம், அதாவது 16 லட்சம். மீதி 4 லட்சம் ஊருடையது. இந்த ஊர் சபை உறுப்பினரிடமும் செனட்டரிடமும் கேட்கட்டும். அதே மாதத்தில் மாநிலச் சுழல் நிதியின் திட்டப் பட்டியலிலும் பெயரைப் பதியட்டும். அந்தப் பட்டியலில் இருப்பது உறுப்பினர் கோரிக்கைக்கும் வலு சேர்க்கும். மானியம் கிடைக்காமல் போனால் கடனும் தள்ளுபடியும் கைகொடுக்கும். எந்த முடிவானாலும் குழாய் மாறும். உறுப்பினர் வழியைப் பயன்படுத்த இதைவிடப் பொருத்தமான திட்டம் இல்லை.

தமிழ்ப் பள்ளியும் முதியோர் வகுப்புகளும் நடத்தும் ஒரு தொண்டு நிறுவனம் சமுதாயக் கூடம் கட்ட நினைக்கிறது, நிலம் இன்னும் பார்க்கவில்லை. இதற்கு இந்த ஆண்டு யாரிடமும் கேட்க வேண்டாம் என்பேன். தனியாக நின்றால் சபையின் கதவு திறப்பது சந்தேகம். செனட்டில் வாய்ப்பு இருந்தாலும், இடமே முடிவாகாத திட்டத்துக்குப் போட்டி கடுமை. முதலில் டவுன்ஷிப்போடு பேசி, கூடம் ஊருக்குச் சொந்தமாகவும், நடத்துவது தொண்டு நிறுவனமாகவும், எல்லா மக்களும் பயன்படுத்துவதாகவும் ஒப்பந்தம் செய்ய முடியுமா என்று பாருங்கள். அது அமைந்தால் விண்ணப்பதாரர் உள்ளாட்சி ஆகிவிடும், கதவுகளும் கூடும். ஒரு குழுவுக்கு மட்டுமான கூடம் என்று தோன்றினால் ஊர் ஆதரவுக் கடிதங்கள் வராது. வரக்கூடாது என்பதுதான் நியாயமும்.

20,000 பேருக்குள் இருக்கும் கிராமப்புற ஊருக்குத் தீயணைப்பு வண்டி வேண்டுமா? முதலில் தீயணைப்பு உதவி மானியம். கூடவே வேளாண் துறையின் கிராமப்புறச் சமுதாய வசதிக் கடன். அதற்குப் பிறகுதான் உறுப்பினர்.

உறுப்பினர் வழி என்று முடிவானால் காலம் முக்கியம். படிவங்கள் பெரும்பாலும் குளிர்காலக் கடைசியில் திறந்து, சில வாரங்களிலேயே மூடிவிடும். அறிவிப்புக்காகக் காத்திருந்து தொடங்கினால் முடியாது. ஃபெடரல் பதிவுத்தளமான சாம் தளத்தில் அமைப்பைப் பதிந்து அடையாள எண் வாங்கவே வாரங்கள் பிடிக்கலாம், அதை இலையுதிர் காலத்திலேயே முடித்துவிடுங்கள். கவுன்சில் தீர்மானம், பொறியாளரின் செலவு மதிப்பீடு, ஊர்ப் பங்கு எங்கிருந்து வரும் என்ற கடிதம், ஆதரவுக் கடிதங்கள் ஆகியவை ஜனவரிக்குள் கையில் இருக்கட்டும். அப்புறம், சென்ற ஆண்டுகளில் உங்கள் உறுப்பினர் எவற்றுக்குப் பணம் கேட்டார் என்பது அவருடைய இணையதளத்திலேயே பொதுவில் இருக்கிறது. அதைப் படித்தால் அவர் எந்த வகை வேலைகளை விரும்புகிறார், எவ்வளவு தொகைவரை போகிறார் என்பது தெரியும். மொத்தச் செலவைக் கேட்பதைவிட, ஓராண்டில் செலவழிக்கக்கூடிய, தனியாகவே பயன் தரும் ஒரு பகுதியைக் கேளுங்கள். இந்தப் பணம் ஒரே நிதியாண்டுக்குத்தான், அடுத்த ஆண்டும் தருவோம் என்று எந்த உறுப்பினராலும் வாக்குக் கொடுக்க முடியாது. குழு தொகையைக் குறைத்துத் தருவதும் சகஜம். பாதி கிடைத்தால் எதைக் கட்டுவோம் என்ற பதிலை விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டால், உறுப்பினரின் ஊழியர் குழுவோடு பேசும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு போவார்.